அண்ணன் மாற்றிய கியர் பாக்ஸ்

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படித்துவரும் அன்பர்களுக்கு என் அண்ணனைப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1962-இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றபோது, எங்கள் வீட்டில் எழுதிக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான். அவருக்கு அப்போது பத்தொன்பது வயது, எனக்குப் பன்னிரண்டு. அவர் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து, வாகனப் பிரிவில் மெக்கானிக்காக இருந்து, ஓய்வு பெற்றபின் துலோன் நகருக்கு அருகில் வீடு கட்டிக்கொண்டார். நான் இங்கேயே பிரெஞ்சுப் படிப்பை முடித்து, புதுவை அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, கோப்புகளோடு காலம் தள்ளினேன். அண்ணன் சென்ற ஆண்டு ஐப்பசியில் காலமானார்.

இந்தப் பொங்கலுக்கு மறுநாள் அண்ணன் மகள் போன் செய்தாள்.

"சித்தப்பா, அப்பாவின் கருப்பு வண்டியை வாங்க ஒருவர் வந்தார். பழைய கார்கள் சேகரிப்பவர். நல்ல விலை சொல்கிறார். ஆனால் ஒரு நிபந்தனை. அப்பா போட்ட கியர் பாக்ஸை எடுத்துவிட்டு, வண்டியோடு வந்த அசல் பெட்டியைத் திரும்பப் பொருத்தித் தர வேண்டுமாம். அசல் பெட்டி கராஜில் மரப்பெட்டிக்குள் அப்படியே இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?"

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. காரணம், இதே கேள்விக்கு ஏறக்குறைய இருபது வருடங்களுக்கு முன்பு நான் ஒரு பதில் சொல்லி, அண்ணனின் மனத்தைப் புண்படுத்தியவன். அதைப் பிறகு சொல்கிறேன். "ஒரு வாரம் டைம் கொடும்மா" என்று சொல்லிவிட்டு, என்னிடம் இருந்த பிரெஞ்சுப் புத்தகங்களையும் அண்ணன் அவ்வப்போது அனுப்பிய பத்திரிகைக் கட்டுகளையும் எடுத்து உட்கார்ந்தேன். அதில் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கார் பற்றிய கட்டுரையாயிற்றே என்று பெண்கள் ஒதுங்க வேண்டாம். இது ஒரு குடும்ப விவகாரமும்கூட.

வண்டியின் பெயர் சித்ரோயென் த்ராக்சியோன் அவான். தமிழில் 'முன் இழுவை' என்று சொல்லலாம். அண்ணனிடம் இருந்தது 1953-ஆம் ஆண்டு செய்த '11 லெழேர்' வகை. எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது, கடற்கரைச் சாலையில் யாரோ ஒரு துரையின் வண்டி இதே மாதிரி நின்றிருந்தது. அண்ணன் என் கையைப் பிடித்து அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, முகப்பில் மேல்நோக்கி ஒன்றன்மேல் ஒன்றாக இருந்த இரண்டு கூர்முனைகளைக் காட்டி, "இது என்ன தெரியுமா?" என்று கேட்டார். கூரை வீடு என்றேன். "இல்லைடா, கியர் பல்" என்றார். அவர் சொன்னது சரிதான் என்று இப்போதுதான் முழுதாகப் புரிந்துகொண்டேன்.

ஆந்த்ரே சித்ரோயென் 1878-இல் பாரிசில் பிறந்தவர். ஆம்ஸ்டர்டாமில் பழ வியாபாரம் செய்த அவருடைய முன்னோருக்கு எலுமிச்சையைக் குறிக்கும் டச்சுப் பெயர் இருந்தது. அதுதான் பாரிசுக்கு வந்து 'சித்ரோயென்' ஆயிற்று. தாயார் போலந்துக்காரர். 1900 வாக்கில் இளைஞரான ஆந்த்ரே உறவினரைப் பார்க்கப் போலந்துக்குப் போன இடத்தில், மீன் முள் போல இருபக்கமும் சாய்ந்த பற்கள் கொண்ட பல்சக்கரத்தைக் கண்டார். அதன் உரிமையை வாங்கி வந்து பாரிசில் தொழில் தொடங்கினார்.

அந்தப் பல்லில் என்ன விசேஷம்? நேரான பல் கொண்ட சக்கரம் சத்தம் போடும். பல்லைச் சாய்வாக வெட்டினால் சத்தம் குறையும். ஆனால் சாய்ந்த பல் சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். பாதிப் பல்லை இப்படியும் பாதிப் பல்லை அப்படியும் சாய்த்து வெட்டினால், ஒரு தள்ளலை மற்றொன்று சரிக்கட்டிவிடும். அந்த இரட்டைச் சாய்வுதான் இன்றுவரை அந்தக் கம்பெனியின் சின்னம். அதாவது கார் செய்வதற்கு முன்பே பல்சக்கரத்தில் பெயர் எடுத்த மனிதர் அவர். கார் தொழிலுக்கு வந்தது முதல் உலகப்போர் முடிந்தபின், 1919-இல்தான்.

அப்படிப்பட்டவரின் கடைசிக் கார் பல்சக்கரத்தில்தான் சறுக்கியது.

1933-34-இல் சித்ரோயெனுக்குக் கடன் கழுத்தை நெரித்தது. பாரிசில் ழவேல் கரையில் இருந்த தொழிற்சாலையைப் பெரும் செலவில் மாற்றிக் கட்டியிருந்தார். ஈஃபல் கோபுரத்தில் 1925 முதல் அவர் பெயர் மின்விளக்கில் எரிந்துகொண்டிருந்தது. அதற்கும் காசுதான். எல்லாக் கடனையும் ஒரே காரில் தீர்த்துவிடலாம் என்று அவர் நம்பிய கார்தான் த்ராக்சியோன். பொறியியலைப் பார்த்துக்கொண்டவர் ஆந்த்ரே லெஃபெவ்ர். உடலை வடித்தவர் ஃப்ளமினியோ பெர்த்தோனி என்ற இத்தாலியர். அந்தக் காலத்துக் கார் என்றால் கீழே ஒரு சட்டம், அதன்மேல் பெட்டி மாதிரி ஒரு உடல், பின்சக்கரம் தள்ளும். இதில் தனிச் சட்டம் கிடையாது, உடலே சட்டம். முன்சக்கரம் இழுக்கும். ஹைட்ராலிக் பிரேக் உண்டு. ஒவ்வொன்றையும் தனித்தனியே அதற்கு முன் யாராவது செய்திருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே வண்டியில் போட்டு ஆயிரக்கணக்கில் விற்கத் துணிந்தது இவர்தான்.

கியர் விஷயத்திலும் புதுமை வேண்டும் என்று நினைத்தார். திமித்ரி சான்சோ தெ லவோ என்ற பொறியாளர், எண்ணெயின் ஓட்டத்தைக் கொண்டே வேகம் மாறும் தானியங்கிப் பெட்டி ஒன்றை வடிவமைத்திருந்தார். இவர் 1910-இல் பிரேசிலில் தாமே கட்டிய விமானத்தில் பறந்தவர், சாதாரண ஆள் அல்ல. கியர் ராடே வேண்டாம், கிளட்ச் மிதியே வேண்டாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? த்ராக்சியோனின் முன்பகுதியே இந்தப் பெட்டியை மனத்தில் வைத்து வரையப்பட்டது. சோதனையில் என்ன ஆயிற்று? எண்ணெய் கொதித்தது. மேடு ஏறும்போது வண்டி திணறியது. விற்பனைக்கு விட வேண்டிய நாளோ நெருங்கிவிட்டது. கடன்காரர்கள் காத்திருக்க மாட்டார்கள். கடைசி நேரத்தில் தானியங்கியைக் கைவிட்டு, சில வாரங்களுக்குள் மூன்று வேகம் கொண்ட சாதாரணக் கைக் கியர் பெட்டி ஒன்றை அவசர அவசரமாக வடிவமைத்து, கிடைத்த இடத்துக்குள் அடக்கிப் பொருத்தினார்கள். 1934 ஏப்ரலில் '7 ஆ' என்ற பெயரில் வண்டி மக்கள் முன் வந்தது.

இந்த இடத்தை நான் மூன்று முறை படித்தேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

வண்டி பெயர் வாங்கியது, முதலாளி தப்பவில்லை. அதே 1934 டிசம்பரில் கம்பெனி திவாலாகி, பெரிய கடன்காரரான மிஷ்லேன் டயர்க் கம்பெனியின் கைக்குப் போனது. ஆந்த்ரே சித்ரோயென் 1935 ஜூலை 3-ஆம் தேதி புற்றுநோயால் இறந்தார். அவர் விட்டுப்போன வண்டி 1957 ஜூலை வரை ஓடி, ஏழரை லட்சத்துக்கு மேல் விற்றது. சாலையைப் பிடித்துக்கொண்டு ஓடுவதில் அந்தக் காலத்தில் அதற்கு ஈடு குறைவு. அதனால்தான் போலீசும் வைத்திருந்தது, திருடனும் வைத்திருந்தான். போர் முடிந்ததும் பாரிசைக் கலக்கிய கொள்ளைக் கூட்டத்துக்கே 'த்ராக்சியோன் கூட்டம்' என்று பெயர். ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது ஜெர்மானியர் கைப்பற்றி ஓட்டியதும் இதைத்தான், விடுதலையின்போது எதிர்ப்புப் படையினர் கதவில் வெள்ளை எழுத்தில் தங்கள் படைப் பெயரை எழுதி ஓட்டியதும் இதைத்தான்.

ஆனால் பெட்டி? அங்கேதான் தொல்லை.

7 ஆ வண்டியின் எஞ்சின் 1,303 சி.சி., 32 குதிரைத்திறன். அதே 1934-இலேயே 1,911 சி.சி. எஞ்சின் வந்து 46 குதிரைத்திறன் ஆயிற்று. 1939-இல் 'பெர்ஃபோ' என்று செல்லப்பெயர் பெற்ற எஞ்சின் 56 தந்தது. ஐந்து வருடத்தில் ஒன்றே முக்கால் மடங்கு. பெட்டியில் இடையிடையே சில திருத்தங்கள் செய்தார்களே தவிர, அடிப்படை அதேதான். மூன்று கியர்தான், அதில் முதல் கியருக்குச் சிங்க்ரோ கிடையாது. 1938-இல் வந்த ஆறு சிலிண்டர், 77 குதிரைத்திறன் '15 சிஸ்' வண்டிக்கு மட்டும் தனியாகப் பலமான பெட்டி செய்தார்கள். பெரிய எஞ்சினுக்குப் பெரிய பெட்டி வேண்டும் என்று கம்பெனிக்கே தெரியும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

கியர் பெட்டி ஏன் உடைகிறது என்பதை அண்ணன் எனக்கு விளக்கியது போலவே சொல்கிறேன். பெட்டிக்குள் கடைசியாக ஒரு சிறிய பல்சக்கரம் ஒரு பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றும். மெக்கானிக்குகள் 'கிரௌன் பினியன்' என்பார்கள். ஒரு கணக்குக்குச் சின்னதில் 9 பல், பெரியதில் 31 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னது ஏறக்குறைய மூன்றரைச் சுற்றுச் சுற்றினால் பெரியது ஒரு சுற்று. வேகம் குறையும், அந்த அளவுக்கு முறுக்குச் சக்தி கூடும். அந்தச் சக்தி முழுவதையும் எந்த நேரத்திலும் ஒன்றிரண்டு பற்கள்தான் தாங்குகின்றன. சுமை ஏறும்போது இரு சக்கரங்களும் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். வெளிக்கூடு கெட்டியாக இருந்தால் அசையாது. கூடு மெலிந்தோ பேரிங் தேய்ந்தோ இருந்தால் மயிரிழை விலகும். விலகினால் பல்லின் அடிப்பகுதியில் விழ வேண்டிய சுமை நுனியில் விழும். நுனியில் சுமை விழுந்த பல் எத்தனை நாள் நிற்கும்? த்ராக்சியோனில் ரிவர்ஸ் போட்டுக் கிளட்சைச் சடாரென்று விட்டால் பல் போயிற்று என்று அர்த்தம். இது அந்த வண்டி வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரிந்த பாடம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, நியாயமாக அதையும் சொல்ல வேண்டும். லியோனுக்கு அருகில் உணவு விடுதி நடத்திய ஃப்ரான்சுவா லெக்கோ என்பவர் 1935 ஜூலையில் ஒரு 11 வகை த்ராக்சியோனை எடுத்து, ஒரு நாள் பாரிசுக்குப் போய்த் திரும்புவது, மறுநாள் மோந்த் கார்லோவுக்குப் போய்த் திரும்புவது என்று ஒரு வருடம் ஓட்டினார். மொத்தம் 4,00,000 கிலோமீட்டர். நாளொன்றுக்கு 1,100 கிலோமீட்டர் என்று கணக்கு வருகிறது. ஆக, பக்குவமான கைக்கு இந்த வண்டி பணிந்து போகும். ஆனால் எல்லாரும் லெக்கோ அல்லவே. எங்கள் அண்ணனும் அல்ல.

அண்ணன் வண்டி வாங்கியது ஓய்வு பெற்றபின். துலோன் பக்கம் கடற்கரையை விட்டு உள்ளே போனால் மலை. மேட்டில் இரண்டாவது கியரில் எஞ்சின் அலறும், மூன்றாவதில் மூச்சு வாங்கும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று இல்லையே என்று ஒவ்வொரு மேட்டிலும் தோன்றும் என்பார். 2006-இல் ஒருநாள் வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம். வண்டி நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் பினியனில் இரண்டு பல் இல்லை.

அப்போதுதான் எனக்குப் போன் செய்தார். "தம்பி, இரண்டு வழி இருக்கு. இதே பெட்டிக்குப் புதுக் கிரௌன் பினியன் வாங்கிப் போடலாம். இல்லை, ஈ.தே. வண்டியின் நாலு கியர் பெட்டியை ஏற்றிவிடலாம். நீ என்ன சொல்றே?"

நான் யோசிக்கவே இல்லை. "அண்ணே, அசல் அசல்தான். பதிவேட்டில் உள்ளதை அடித்துத் திருத்தினால் அது ஆவணம் ஆகுமா? பெட்டியை மாற்றினால் அது உங்க வண்டியே இல்லை, வேற வண்டி" என்றேன். முப்பது வருடம் கோப்புப் பார்த்த புத்தி அது.

சிறிது நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, "அப்படின்னா நானும் வேற ஆள்தானேடா? நானும்தான் ஒரு கையெழுத்திலே மாத்திக்கிட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு பல மாதங்கள் வண்டியைப் பற்றி என்னிடம் அவர் பேசவில்லை. உடம்பு, மழை, பிள்ளைகள் படிப்பு, அவ்வளவுதான்.

ஆனால் வேலையை அவர் நிறுத்தவில்லை. அவர் எடுத்த பெட்டி வேற்று வீட்டுப் பெட்டியும் அல்ல. 1955 அக்டோபரில் பாரிசுக் கண்காட்சியில் சித்ரோயென் கம்பெனி தே.எஸ். என்ற காரை வைத்தது. அன்றைக்கு ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோர் முன்பணம் கட்டினார்கள். அதன் எளிய, விலை குறைந்த தம்பிதான் 1957-இல் விற்பனைக்கு வந்த ஈ.தே.19. வெளித் தோற்றம் விண்வெளிக் கப்பல் போல இருந்தாலும், உள்ளே இருந்த எஞ்சின் த்ராக்சியோன் எஞ்சினின் வாரிசுதான். சிலிண்டரின் குறுக்களவு 78 மி.மீ., வீச்சு 100 மி.மீ., மொத்தம் 1,911 சி.சி., எல்லாம் அதே அளவு. மேல்மூடிதான் புதிது. அமைப்பும் அதே. எல்லாவற்றுக்கும் முன்னால் கியர் பெட்டி, அதன் பின்னால் எஞ்சின். ஆனால் பெட்டியை மட்டும் இந்த முறை நிதானமாக, நாலு கியரோடு, பலமாகச் செய்திருந்தார்கள். 1934-இல் நேரம் கிடைக்காமல் விட்டதை இருபது வருடம் கழித்து அதே கம்பெனி செய்து முடித்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இருந்தாலும் பெட்டியை மாற்றுவது நாலு போல்ட்டைக் கழற்றி மாட்டுகிற வேலை அல்ல. எஞ்சினோடு சேரும் முகம் பொருந்த வேண்டும். பெட்டியின் உள்தண்டு கிளட்ச் தட்டின் வரிகளில் சரியாக இறங்க வேண்டும். நேர்கோடு சிறிது பிசகினாலும் சில ஆயிரம் கிலோமீட்டரில் பேரிங் போய்விடும். ஈ.தே. காரில் முன் பிரேக் சக்கரத்தில் இல்லை, கியர் பெட்டியை ஒட்டியே டிஸ்க் பிரேக் வைத்திருப்பார்கள். த்ராக்சியோனில் பிரேக் சக்கரத்தில் டிரம்மாக இருக்கிறது. ஆகவே அந்த டிஸ்க் சாமான்களை எல்லாம் கழற்றிவிட்டு, த்ராக்சியோனின் ஷாஃப்டுகள் வந்து சேரும்படி இணைப்புகளை லேத்தில் கடைந்தெடுக்க வேண்டும். கியர் ராடு இன்னொரு தலைவலி. த்ராக்சியோனில் அது டேஷ்போர்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும், ஈ.தே.யில் ஸ்டியரிங் பக்கம். மூன்று கியருக்குச் செய்த கம்பிகளை நாலு கியர் தேடும்படி வளைத்து அமைக்க அண்ணனுக்கு ஒரு குளிர்காலம் முழுதும் ஆயிற்று.

அதோடு ஒரு எச்சரிக்கையும் உண்டு. சங்கிலியில் மெலிந்த கண்ணியை மாற்றினால், அடுத்த மெலிந்த கண்ணிதான் மெலிந்த கண்ணி. பெட்டி பலமானால் உதை ஷாஃப்டுக்குப் போகும், அதன் மூட்டுகளுக்குப் போகும். "பெட்டி பலமாயிடுச்சின்னு கால் கனமாகக் கூடாது" என்று பின்னாளில் அவர் எனக்குச் சொன்னார். ஷாஃப்ட் மூட்டுகளையும் புதிதாக்கியபின்தான் வண்டியை வெளியே எடுத்தாராம்.

இப்படிப் பெட்டி மாற்றுவது அண்ணன் கண்டுபிடித்த காரியமும் அல்ல. பிரான்சில் அதற்குப் பெரிய பரம்பரையே இருக்கிறது. தியெப் ஊரில் ரெனோ முகவராக இருந்த ழான் ரெதெலே என்ற இளைஞர், மூன்றே கியர் கொண்ட சின்ன ரெனோ 4 சே.வே. காரில் போட்டிக்குப் போனார். மூன்று கியர் போதவில்லை. க்ளோது என்பவர் உருவாக்கிய ஐந்து கியர் பெட்டியை அதில் ஏற்றினார். 1952-இல் இத்தாலியின் மில்லே மில்யா போட்டியில் தம் பிரிவில் முதலாவதாக வந்தார். 1955-இல் அவர் தொடங்கியதுதான் புகழ்பெற்ற ஆல்பீன் கார்க் கம்பெனி.

ஓய்வு பெற்றபின் 2012-இல் நான் பிரான்சுக்குப் போனேன். போய்ச் சேர்ந்த மறுநாள் காலை அண்ணன் ஒன்றும் சொல்லாமல் வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "ஏறு" என்றார். மலைச் சாலையில் ஏறினோம். இரண்டிலிருந்து மூன்று, ஒரு வளைவு, மீண்டும் இரண்டு, மீண்டும் மூன்று. எஞ்சின் குரல் உயரவே இல்லை. உச்சிக்குப் போனதும் நாலாவது போட்டு, "கேட்குதா?" என்றார். கேட்பதற்குச் சத்தம் ஒன்றும் இல்லை. அதைத்தான் கேட்கச் சொன்னார். அப்போதாவது "அண்ணே, நான் அன்றைக்குச் சொன்னது தப்பு" என்று சொல்லியிருக்கலாம். மலை அழகாக இருக்கிறது என்று சொன்னேன். அவரும் ஆமாம் என்றார்.

கராஜில் அந்த மரப்பெட்டியையும் பார்த்தேன். உடைந்த பினியனை மாற்றி, உள்ளே எண்ணெய் பூசி, துணி சுற்றி, பழைய பெட்டியைப் பத்திரமாக வைத்திருந்தார். மேலே ஒரு அட்டை. பிரெஞ்சில் வண்டி எண், பெட்டி எண், கழற்றிய தேதி, எந்தெந்த பாகம் எதற்கு என்று எல்லாம் எழுதியிருந்தது. அடியில் தமிழில் ஒரு வரி: 'இது வண்டியோடு பிறந்தது. யாரும் தூக்கிப் போட வேண்டாம்.' வண்டியின் உடலில் எதையும் வெட்டவில்லை, எதையும் பற்ற வைக்கவில்லை. வேண்டும் என்றால் இரண்டு வார வேலையில் பழையபடி ஆக்கிவிடலாம் என்றார். ஒழுங்கான கோப்பு வைப்பதைப் பற்றி அவருக்கு நான் பாடம் எடுத்திருக்கிறேன் என்று நினைத்து வெட்கப்பட்டேன்.

இப்போது அண்ணன் மகளின் கேள்விக்கு வருகிறேன். வாங்க வந்தவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வந்த மாதிரியே சில வண்டிகளாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 1934-இல் மனிதர்கள் எதை ஓட்டினார்கள் என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது. அருங்காட்சியகத்துக்குப் போகிற வண்டி என்றால் நானும் பழைய பெட்டியைத்தான் போடச் சொல்வேன்.

ஆனால் 'அசல்' என்கிறோமே, எது அசல்? சித்ரோயென் மனத்தில் இருந்த அசல், கியர் ராடே இல்லாத தானியங்கி. அது வேலை செய்யவில்லை. கடைசி நேரத்தில், கைக்குக் கிடைத்த வழியில், வண்டி நின்றுவிடக் கூடாதே என்று போட்டதுதான் அந்த மூன்று கியர் பெட்டி. பிறக்கும்போதே மாற்றுப் பெட்டியோடு பிறந்த வண்டி இது. அதனால்தான் அந்த இடத்தை மூன்று முறை படித்தேன். 1934-இல் அவர்கள் எந்தக் காரணத்துக்காக மாற்றினார்களோ, அதே காரணத்துக்காகத்தான் 2006-இல் அண்ணனும் மாற்றினார். வண்டி ஓட வேண்டும். 2006-இல் இது எனக்குத் தெரிந்திருந்தால் அந்தப் பேச்சைப் பேசியிருக்க மாட்டேன். தெரியாவிட்டால் தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம்.

இதையெல்லாம் அண்ணன் மகளுக்கு நாலு பக்கம் பிரெஞ்சில் எழுதி அனுப்பினேன். முடிவில் இப்படி எழுதினேன்: 'உனக்குப் பணம் அவசியம் என்றால் பெட்டியை மாற்றிக் கொடு, அப்பா அதற்கும் வழி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். அவசியம் இல்லை என்றால், இரண்டு பெட்டியையும் சேர்த்து வாங்குகிறவர் வரும்வரை பொறுத்திரு. எதைச் செய்தாலும் அந்த அட்டையைக் கிழித்துவிடாதே.'

அவள் பொறுத்திருந்தாள். சித்திரை மாதம் ஒரு இளைஞர் வந்தார், முப்பத்தைந்து வயதுகூட இருக்காதாம். முதலில் கேட்டவர் சொன்ன விலையைவிடக் குறைவுதான். மலைச் சாலையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, மரப்பெட்டியைத் திறந்து அட்டையைப் படித்தாராம். தமிழ் வரியைக் காட்டி இது என்ன என்று கேட்டிருக்கிறார். இவள் பிரெஞ்சில் சொன்னாள். அவர் அதையும் அட்டையின் கீழேயே பிரெஞ்சில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு, இரண்டு பெட்டியோடும் வண்டியை எடுத்துப் போனார். அட்டையின் படத்தை எனக்கு அனுப்பியிருந்தாள். அண்ணனின் எழுத்துக்குக் கீழே அவர் மகளின் எழுத்து.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். உங்கள் வீட்டிலும் தாத்தா காலத்துத் தையல் மிஷின், கடிகாரம், ஆர்மோனியம் என்று ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். பழுதானால் தாராளமாக மாற்றுங்கள். ஆனால் கழற்றியதைத் துடைத்து எடுத்து வையுங்கள். எதை, எப்போது, ஏன் மாற்றினீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே போடுங்கள். அண்ணனோ தம்பியோ போனில் யோசனை கேட்டால், கொஞ்சம் நிதானித்துப் பதில் சொல்லுங்கள்.